ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்



போன மாத இதழில் விளையாட்டுப் பகுதிக்கு யாருமே எழுதித் தரவில்லை என்று தமிழ் ஐயா வருத்தப்பட்டார். அதனால் இந்த முறை ஒரு முழுத் தாளை என்னிடம் கொடுத்து, "சிலம்பத்தப் பத்தி எழுதும்மா" என்று சொல்லிவிட்டார். சிலம்பம் எவ்வளவு பழமையானது, தமிழனின் வீரம் என்ன என்பதையெல்லாம் பேச்சுப் போட்டிகளில் நிறையக் கேட்டுவிட்டோம். நான் எழுதப்போவது அதைவிடச் சின்ன விஷயம்.

என் கையில் கம்பைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் சுத்துவ?" இருபது நிமிஷம் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. "இவ பொய் சொல்றாடி, பரீட்சைக்குப் படிக்கவே இல்லன்னு சொல்ற மாதிரி" என்று என் வகுப்புத் தோழிகளே சிரிக்கிறார்கள். ஆகவே நண்பர்களே, அந்த இருபது நிமிஷத்துக்குக் கணக்கு காட்டவே இந்தக் கட்டுரை.

நான் ஏழாம் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் வாத்தியார் பகலில் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவர். காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் தெரு முனைக் காலி மனைக்கு வந்துவிடுவார். காசு வாங்க மாட்டார். சேருகிற அன்றைக்கு வெற்றிலை பாக்கு, ஒரு ரூபாய், அவ்வளவுதான் தட்சணை. சேர்ந்தவுடன் கம்பு கிடைக்கும் என்று நினைத்துப் போனால் முதல் ஒன்றரை மாதம் கம்பே கிடையாது. காலடி மட்டும்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் திரும்பி ஒன்று. மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதன் மேல் நடக்க வைப்பார். எங்களோடு சேர்ந்த பதினான்கு பேரில் எட்டுப் பேர் இந்தக் காலடியிலேயே காணாமல் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கம்பு. நின்ற இடத்தில் ஊன்றினால் நம் நெற்றி உயரம் இருக்க வேண்டும். அதைச் சுற்றுவது கையின் பலம் என்று எல்லாரும் நினைக்கிறோம். கை பலம் ரொம்பக் கொஞ்சம்தான் வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து உருள வேண்டும், விரல்கள் கம்பைப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்க வேண்டும். குருவியைக் கையில் வைத்திருக்கிற மாதிரி என்று வாத்தியார் சொல்வார். இறுக்கினால் செத்துப்போகும், விட்டால் பறந்துபோகும்.

இந்தப் பிடிதான் முக்கியமான இடம். கை களைத்துப் போனால் என்ன ஆகும்? நமக்குத் தெரியாமலே விரல்கள் இறுகும். விரல் இறுகினால் மணிக்கட்டு உருளாது. மணிக்கட்டு உருளாவிட்டால் முழங்கையும் தோளும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும். கம்பு அப்போதும் சுற்றத்தான் செய்யும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கம்பு போகிற பாதை மாறிவிட்டது. அந்த மாறின பாதையில் இன்னும் முந்நூறு சுற்று சுற்றினால் கை எதைக் கற்றுக்கொள்ளும்? மாறினதைத்தான். கைக்கு நல்லது கெட்டது தெரியாது, செய்ததைச் செய்யும். அடுத்த நாள் வந்து அந்தத் தப்பை எடுக்கவே ஒரு வாரம் ஆகும்.

அப்படியென்றால் எப்போது நிறுத்துவது? வாத்தியார் கடிகாரம் பார்க்க மாட்டார். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கம்பு சரியாகச் சுற்றினால் 'விர்ர்' என்று ஒரே சீராகச் சத்தம் வரும். கை களைக்க ஆரம்பித்தால் அந்தச் சத்தத்தில் ஒரு விக்கல் வரும். விர்ர், விர், விர்ர்ர். இரண்டாவது விக்கலில் "போதும், கம்பக் கீழ வை" என்பார். ஆரம்பத்தில் எனக்கு அது ஆறு நிமிஷத்திலேயே வந்தது. இப்போது பதினைந்து நிமிஷம் தாங்குகிறது. முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஐந்து நிமிஷம். ஆக மொத்தம் இருபது. இதுதான் என் ரகசியம். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

"இன்னும் சுத்தணும்னு ஆசையா இருக்கும்போதே நிறுத்திட்டு போ. அந்த ஆச நாளைக்கு உன்ன இட்டுக்கினு வரும்" என்பது வாத்தியார் பேச்சு. இதை நான் முதலில் நம்பவில்லை. காசு வாங்காமல் சொல்லித் தருகிறவர், சீக்கிரம் பட்டறைக்குப் போக வேண்டும், அதனால் இப்படிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். (வாத்தியார் இந்தச் சுவர் இதழைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

இப்போது என் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். பெரியப்பா மகன். பாலிடெக்னிக் படிக்கிறான். அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "பேர் மட்டும் போடாத பாப்பா" என்றான். என்னைவிட நான்கு வருடம் முன்னாலேயே சிலம்பத்தில் சேர்ந்தவன். எங்கள் மனையில் அவன் கம்பு எடுத்தால் பால்காரர்கூட வண்டியை நிறுத்திப் பார்ப்பார். 2021-இல் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் தமிழக அரசு சேர்த்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நம் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்றது. அதை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து அண்ணனுக்கு ஒரே வெறி. பெரியப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் முதல் அரசு வேலை நம்முடையதாக இருக்க வேண்டும் என்று அவன் நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்தான்.

ஒரு தேர்வுப் போட்டிக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்தான். வாத்தியார் வேண்டாம் என்று சொன்னதால் மனைக்கு வருவதை விட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய்த் தனியாகச் சுற்றினான். முதல் வாரம் பிரமாதமாக இருந்தது. வேகம் கூடிவிட்டது என்று எங்களுக்கே காட்டினான். இரண்டாம் வாரம் மணிக்கட்டில் வலி. தைலம் தேய்த்து, துணி சுற்றிக்கொண்டு சுற்றினான். பதினேழாம் நாள் காலையில் அவனால் டீ கிளாசைப் பிடிக்க முடியவில்லை. பெரியம்மாதான் அதைப் பார்த்தார்கள். பெரியப்பா புத்தூர் கட்டு போடலாம் என்றார். எலும்பு முறியவில்லையே, அதற்கு எதற்குக் கட்டு என்று அப்பா டாக்டரிடம் அழைத்துப் போனார். தசையை எலும்போடு சேர்க்கிற நாண் வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் அந்தக் கையால் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

போட்டி அன்றைக்கு அண்ணன் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தான். அவனைவிட ரொம்பச் சுமாராகச் சுற்றுகிற இரண்டு பேர் தேர்வானார்கள். வரும்போது பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் அவனுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு செங்கத்திலிருந்து ஊர் வரை வந்தான்.

சோம்பேறி யாராவது இப்படி ஆகியிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. எங்களில் அதிகமாக உழைத்தவனுக்கு இப்படி ஆனதுதான் மனசைப் போட்டுப் பிசைந்தது. உழைப்பு உயர்வு தரும் என்று நாம் கட்டுரை நோட்டில் எத்தனை தரம் எழுதியிருப்போம்!

இதை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தசை பலப்படுவது பயிற்சி செய்கிற நேரத்தில் இல்லை, அதற்குப் பிறகு ஓய்விலும் தூக்கத்திலும்தான். பயிற்சியில் தசை களைக்கிறது, நுண்ணிய அளவில் சேதமும் ஆகிறது. ஓய்வில்தான் உடம்பு அதைச் சரி செய்து முன்பைவிடக் கெட்டியாகக் கட்டுகிறது. கட்டி முடிப்பதற்குள் மறுபடி இடித்தால் கொத்தனார் என்ன செய்வார்? அதிலும் நம் வயதில் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு பகுதி இருக்கிறதாம். எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். அது முற்றிய எலும்பைவிட மென்மையானது. அதனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற விளையாட்டில் பெரியவர்களைவிட நமக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கட்டாயம் என்றார். எங்கள் மனையில் வெள்ளிக்கிழமை லீவு. அது சாமிக்காக என்று நினைத்திருந்தேன், மணிக்கட்டுக்கும் அதுதான் போலிருக்கிறது.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1978-இல் இங்கிலாந்தில் பேட்லி, லாங்மேன் என்ற இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தபால்காரர்களுக்கு விசைப்பலகையில் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரம் மட்டும். இன்னொரு குழுவுக்குத் தினம் நான்கு மணி நேரம். வேறு அளவுகளிலும் குழுக்கள் இருந்தன, நமக்கு இந்த இரண்டு போதும். விசைகளைக் கற்று முடிக்க ஒரு மணி நேரக்காரர்களுக்கு ஏறக்குறைய 35 மணி நேரம் ஆனது. நான்கு மணி நேரக்காரர்களுக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் ஆனது. அதாவது அதே வேலைக்கு 15 மணி நேரம் கூடுதல்!

கணக்கில் கெட்டிக்காரர்கள் உடனே கேட்பீர்கள், 35 மணி நேரம் என்றால் 35 நாள், 50 மணி நேரத்தை நாலால் வகுத்தால் 13 நாள்கூட இல்லை, அப்படியென்றால் நாலு மணிக்காரர்கள்தானே முதலில் முடித்தார்கள் என்று. உண்மைதான். நானும் அதையே கேட்டேன். நாள் எண்ணினால் அவர்கள்தான் முந்தி. இன்னும் ஒரு வேடிக்கை, அந்த ஒரு மணி நேரக்காரர்கள்தான் பயிற்சி முறை பிடிக்கவில்லை என்று குறைப்பட்டார்களாம். நன்றாகக் கற்றவர்களே அவர்கள்தான், ஆனால் பக்கத்துக் குழுவைப் பார்த்து, நாம் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம். எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. மனையில் எங்களுக்கும் தினம் அதே எண்ணம்தான். அண்ணனை ஏரிக்கரைக்கு அனுப்பியதும் அதுதான்.

அண்ணன் மாதிரி பெரிய பெரிய ஆட்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. புரூஸ் லீயைத் தெரியாதவர் நம் பள்ளியில் இருக்க மாட்டீர்கள். 1970-இல் அவருக்கு முதுகில் பலமான அடி. எந்த எதிரியும் அடிக்கவில்லை. உடம்பைச் சரியாகச் சூடாக்காமல் தோளில் பளுவை வைத்துக் குனிந்ததில் வந்தது. இனி உதைக்கவே முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பல மாதம் படுக்கையில் இருந்தார். அப்போது எழுதிய குறிப்புகள்தான் அவர் இறந்த பிறகு 1975-இல் புத்தகமாக வந்தது. அவர் எழுந்து வந்து நடித்த 'என்டர் தி டிராகன்' 1973-இல் வெளியானது. அண்ணனுக்கு இதைச் சொன்னபோது "அவரு எழுந்து வந்தாரு இல்ல?" என்று மட்டும் கேட்டான்.

இவ்வளவு தூரம் இங்கிலாந்து, ஹாங்காங் என்று போனேனே, நம்ம ஊரிலேயே இது இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி அன்றைக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று பாருங்கள். வெளியூர் அண்ணன்மார் கூட்டமாக வந்து, யார் முதலில் சுற்றுவது என்று பந்தயம் கட்டி விறுவிறு என்று கிளம்புவார்கள். இந்திர லிங்கம், அக்கினி லிங்கம், எம லிங்கம் எல்லாம் பறந்துவிடும். அடி அண்ணாமலை வரும்போது பாதிப் பேர் செருப்பில்லாத காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். இன்னும் வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் பாக்கி இருக்கும். அப்போது எங்க ஆயா மாதிரி கிழவிகள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

எங்க ஆயாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பௌர்ணமிக் கூட்டம் ஆகாது என்று செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போய்விட்டு வரும். நிறைமாத கர்ப்பிணியான மகாராணி எப்படி நடப்பாளோ அப்படி நடக்க வேண்டும் என்பது இந்த மலையைச் சுற்றுவதற்குப் பெரியவர்கள் சொல்லி வைத்த முறை. ஆயாவும் அதைத்தான் சொல்லும். "ஓட்றதுக்கு இன்னாடி அவசரம், மல எங்கனா பூடுமா?" என்று கேட்கும். நாலரை மணி நேரம் ஆகும். வந்து குளித்துவிட்டு இட்லிக்கு அரைக்கும். அடுத்த செவ்வாயும் போகும்.

ஆனால் ஒன்று நண்பர்களே. அளவாக என்றால் குறைவாக என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். மனையில் ஒரு பையன் இருக்கிறான், வாரத்தில் இரண்டு நாள் வருவான், "வாத்யாரே, அளவா பண்றேன்" என்பான். அதற்குப் பெயர் அளவு இல்லை. இருபது நிமிஷத்தில் 'இருபது' எவ்வளவு முக்கியமோ 'ஒரு நாளைக்கு' என்பதும் அவ்வளவு முக்கியம். மழை பெய்தால் திண்ணையில் கம்பில்லாமல் காலடி. தீபத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து வீடு நிறைந்துவிட்டால் துணி துவைக்கிற கல் பக்கத்தில் ஐந்து நிமிஷம் மணிக்கட்டு மட்டும். இந்த ஐந்து நிமிஷம் பெரிய பலன் எதுவும் தராது, எனக்கே தெரியும். ஆனால் மறுநாள் எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்காது. ஒரு நாள் விட்டால் இரண்டாம் நாள் விடுவது ரொம்பச் சுலபம், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி புயல் மழையில் நம் மலை சரிந்து ஏழு பேர் இறந்தார்களே, அந்த ஒரு வாரம்தான் நாங்கள் முழுதாக விட்டோம். வாத்தியாரே மனைக்கு வரவில்லை. வீட்டிலும் யாரும் கம்பைத் தொடவில்லை. எட்டாம் நாள் எடுத்தபோது கை மறந்திருக்கும் என்று பயந்துகொண்டே சுற்றினேன். முதல் இரண்டு சுற்று தடுமாறியது. மூன்றாவதில் சத்தம் வந்துவிட்டது. இரண்டு வருடம் தினம் தினம் போட்டது உள்ளே அப்படியே இருந்தது.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். நான் பத்தாம் வகுப்பு. ஜூன் மாதமே அம்மா "கம்ப எடுத்து பரண்ல போடு, மார்ச்சுக்கு அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை வேறு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கம்பு" என்று எண்ணெய் ஊற்றினார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரு தாளில் என் நாளை எழுதிக் காட்டினேன். காலை நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை படிப்பு. பிறகு இருபது நிமிஷம் கம்பு. ஆறு ஐந்துக்கு வீட்டில் இருப்பேன். ஒரு நாள் ஆறு பத்து ஆனாலும் நானே பரணில் போட்டுவிடுகிறேன் என்றேன். அண்ணன் மாதிரி நாலு மணி நேரம் கேட்டிருந்தால் அம்மா அன்றைக்கே அடுப்பில் வைத்திருப்பார்கள். இருபது நிமிஷம் என்றதால் மறுக்க வழி தெரியாமல், "காலாண்டு மார்க்கப் பாத்துட்டு சொல்றேன்" என்றார்கள்.

காலாண்டில் கணக்கில் ஆறு மதிப்பெண் கூடியது. சமூக அறிவியலில் மூன்று குறைந்தது. அம்மா இரண்டையும் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கம்பு இன்னும் கதவு மூலையில்தான் நிற்கிறது. அடுத்து அரையாண்டு. அதற்குப் பிறகு பொங்கல் முடிந்து ஒரு போட்டி இருக்கிறது. அதற்கு அனுப்புவார்களா என்று நான் இன்னும் கேட்கவில்லை. தமிழ் ஐயா எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் ஒரு வார்த்தை சொல்லலாம்.

அண்ணன் நான்கு மாதமாக மறுபடி வருகிறான். வலது கைக்கு வாத்தியார் ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். மிச்ச நேரம் இடது கை. சின்னப் பசங்களோடு சேர்ந்து சுண்ணாம்புக் கோட்டில் காலடியும் போடுகிறான். முதல் வாரம் அவனைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். போன வாரம் அவன் இடது கையில் ஒரே சீராக 'விர்ர்' என்று சத்தம் வந்தது. வாத்தியார் பீடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். விக்கல் வருவதற்கு முன்னாலேயே அண்ணன் தானே கம்பைக் கீழே வைத்தான்.

சேர விரும்புகிற தம்பி தங்கைகள் என்னை மதிய இடைவேளையில் வேப்ப மரத்தடியில் பார்க்கலாம். வெற்றிலை பாக்கும் ஒரு ரூபாயும் போதும். கம்பு வாங்கி வர வேண்டாம், ஒன்றரை மாதத்துக்கு அது தேவைப்படாது.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு